புதிய சென்சாருக்குப் பின்னும் அணையாத விளக்கு: பழைய கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

2003-இல் தயாரான பெட்ரோல் கார். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், ஒவ்வொரு பிளக்கின் மேலும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு, உள்ளே வரும் காற்றை அளக்கச் சூடான கம்பி வகை சென்சார். புகைபோக்கிக் குழாயில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. அந்தக் காலத்துச் சாதாரணக் குடும்பக் கார் எப்படி இருக்குமோ அப்படித்தான்.

மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் வண்டி நடுங்கும். சற்று நேரத்தில் சரியாகிவிடும். பெட்ரோல் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவானது. உரிமையாளர் ஏற்கெனவே இரண்டு முறை பழுதுபார்த்திருந்தார். முதல்முறை முன் ஆக்சிஜன் சென்சார் மாற்றப்பட்டது. அடுத்த முறை இரண்டாம் சிலிண்டரின் காயிலும் பிளக்கும் மாற்றப்பட்டன. இரு முறையும் ஸ்கேனரால் விளக்கை அணைத்து அனுப்பினார்கள். இரு முறையும் சில நாள் கழித்து விளக்கு மீண்டும் எரிந்தது. என்னிடம் வந்தபோது அவர் கையில் மூன்றாவது ஆலோசனை ஒன்று இருந்தது: கன்வெர்ட்டரையே மாற்றிவிடுங்கள். அந்தக் காரில் அதைவிட விலை கூடிய பாகங்கள் அதிகமில்லை.

காரின் கணினி நினைவகத்தில் மூன்று கோளாறுக் குறியீடுகள் இருந்தன. பி0171: கலவையில் பெட்ரோல் போதவில்லை. பி0302: இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றி எரியவில்லை. பி0420: கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே. முதல் குறியீட்டைப் பார்த்துச் சென்சார், இரண்டாவதைப் பார்த்துக் காயில், மூன்றாவதைப் பார்த்துக் கன்வெர்ட்டர். இதுவரை நடந்த வைத்தியத்தின் தர்க்கம் இவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றில் எதுவும் எந்தப் பாகத்தையும் குற்றம் சாட்டவில்லை. கலவை மெலிந்திருக்கிறது என்று சொல்லும் குறியீட்டைப் படித்துவிட்டு, அதைக் கண்டுபிடித்துச் சொன்ன சென்சாரையே கழற்றி எறிவது எனக்கு என்றுமே புரியாத வழக்கம்.

அழிப்பதற்கு முன்

கோளாறைப் படிக்க உதவும் ஸ்கேனர் இணைப்பும் இந்த வகைக் குறியீடுகளும் அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாயின. டாஷ்போர்டுக்குக் கீழே 16 முனை கொண்ட அந்த இணைப்பில் எளிய ஸ்கேனர் ஒன்றைச் செருகினாலே போதும். குறியீட்டைக் காட்டுவதோடு பெரும்பாலானவர்கள் அதை மூடி வைத்துவிடுகிறார்கள். உண்மையான சரக்கு அடுத்த பக்கத்தில்தான் இருக்கிறது.

குறியீடு பதிவான கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணினி ஒரு சட்டமாக உறையவைத்து வைத்திருக்கும். விளக்கை அணைத்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். கூடவே, கணினி தன்னைத்தானே சோதித்துக்கொண்ட விவரங்களும், பல கார்களில் அது நாளடைவில் கற்றுக்கொண்ட எரிபொருள் திருத்தங்களும் போய்விடும். ஆகவே, எதையும் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

உறைந்த சட்டம் மிஸ்ஃபயர் குறியீட்டுக்கு உரியது. எஞ்சின் வேகம் 850 ஆர்.பி.எம்., வண்டியின் வேகம் பூஜ்யம், குளிர்விப்பு நீரின் வெப்பம் 34 டிகிரி, நீண்டகால எரிபொருள் திருத்தம் கூட்டல் 17 சதவீதம். சாலையில் வேகமாகப் போகும்போது நடந்த கோளாறு அல்ல இது. ஏற்றத்தில் இழுக்கும்போது நடந்ததும் அல்ல. ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே, சூடேறாத எஞ்சினில் நடந்திருக்கிறது.

உரிமையாளரிடம் ஒன்று கேட்டேன்: விளக்கு எப்போதாவது விட்டுவிட்டு எரிந்ததா? குளிரான காலைகளில் சிறிது நேரம் மினுக்கும், பிறகு நிலையாகிவிடும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். நிலையாக எரியும் மஞ்சள் விளக்கு, வசதியான நேரத்தில் பார்த்துக்கொள் என்கிறது. மினுக்கும் விளக்கின் பொருள் வேறு: எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சேதப்படுத்துகிறது, உடனே வேகத்தைக் குறை, முடிந்தால் நிறுத்து. சிவப்பு நிற ஆயில் விளக்குக்கும் வெப்ப விளக்குக்கும் பயப்படுகிறவர்கள்கூட இந்த மினுக்கலைப் பொருட்படுத்துவதில்லை. அவர் சொன்ன பதிலை அப்போதே ஓரமாகக் குறித்து வைத்தேன், பின்னால் தேவைப்பட்டது.

அடிப்படைச் சோதனைகள் விரைவில் முடிந்தன. ஆயில், நீர் இரண்டும் சரியான அளவில். பேட்டரி ஓய்வில் 12.5 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14.2. எர்த் இணைப்புகளில் சொல்லத்தக்க மின்னழுத்த இழப்பு இல்லை. பழைய கார்களில் இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. துருவேறிய ஓர் எர்த் கம்பி பல சென்சார்களை ஒரே நேரத்தில் பொய் சொல்ல வைத்துவிடும்.

25-உம் 11-உம்

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். உள்ளே வரும் காற்றைக் காற்று சென்சார் அளக்கிறது. அதற்கேற்பக் கணினி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. விளைவு சரியா என்பதை முன் ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது. அந்தப் பதிலைப் பார்த்துக் கணினி செய்யும் கூட்டல் கழித்தல்தான் எரிபொருள் திருத்தம். அது இரண்டு பக்கமாக எழுதப்படுகிறது. அன்றாடச் சில்லறைத் திருத்தத்தை ஒரு பக்கத்திலும், மாதந்தோறும் தவறாமல் வரும் பற்றாக்குறையை மறுபக்கத்திலும் எழுதும் கணக்குப்பிள்ளையைப் போல, குறுகியகாலத் திருத்தம் நொடிக்கு நொடி மாறும். நீண்டகாலத் திருத்தம் மெதுவாக நகரும். நடைமுறையில் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு இருபுறமும் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் நின்ற இடத்தில் ஓடவிட்டேன். குறுகியது 8, நீண்டது 17. மொத்தம் கூட்டல் 25. வேகத்தை 2,500 ஆர்.பி.எம்.முக்கு உயர்த்திப் பிடித்தபோது மொத்தம் கூட்டல் 11 ஆகக் குறைந்தது.

நின்று ஓடும்போது மோசமாகவும், வேகம் கூடும்போது குறைவாகவும் இருந்தால், காற்று சென்சாரைத் தாண்டிய ஏதோ ஓரிடத்தில் கணக்கில் வராத காற்று புகுகிறது என்று பொருள். நின்று ஓடும்போது, காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சுவிசை பலமாக இருக்கும். இந்த அளவு எஞ்சினுக்கு நொடிக்கு இரண்டரை கிராம் காற்றே போதும். அந்த நிலையில் ஓர் ஓட்டை வழியாக அரை கிராம் காற்று புகுந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு. 2,500-இல் எஞ்சின் நொடிக்கு எட்டு கிராம் அளவுக்கு இழுக்கும். அதே அரை கிராம் அங்கே ஆறு சதவீதம் மட்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்தான் ஒரு நெருடல் வந்தது. கசிவு மட்டுமே குற்றவாளி என்றால் 2,500-இல் ஆறோ ஏழோ வர வேண்டும். வந்தது 11. மிச்சமிருந்த நான்கைந்து சதவீதத்துக்கு வேறு யாரோ பொறுப்பு. பழைய காரில் ஒரு கோளாறு இன்னொன்றின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது புதிதல்ல. முதல் குற்றவாளி பிடிபட்டதும் கோப்பை மூடிவிடுகிறோம் என்பதால்தான் அவை தப்பிக்கின்றன. இதை எழுதி வைத்துவிட்டுக் கசிவைத் தேடப் போனேன்.

அதற்கு முன் ஆக்சிஜன் சென்சாரின் பெயரைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நின்று ஓடும் எஞ்சினின் காற்றுக் குழாய்க்குள் சிறிதளவு எரிவாயுவை விட்டேன். 0.1 வோல்ட் அருகே படுத்திருந்த சென்சார் உடனே 0.9-க்குத் தாவியது, நிறுத்தியதும் இறங்கியது. கலவை மெலிந்தால் மெலிந்ததென்றும் செறிந்தால் செறிந்ததென்றும் அது ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. இது புதிய சென்சார். கழற்றப்பட்ட பழைய சென்சார் டிக்கியில் ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தது. அது காட்டிய எண்களும் இவையாகத்தான் இருந்திருக்கும், பாவம்.

ஏன் இரண்டாம் சிலிண்டர் மட்டும்?

இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டேன். மறுநாள் காலைக் குளிர்ச்சியில் ஸ்டார்ட் செய்தபோது மிஸ்ஃபயர் எண்ணிக்கை இரண்டாவதிலேயே ஏறியது. மூன்றாவது அமைதியாக இருந்தது. காயில் நிரபராதி. நான்கு சிலிண்டர்களின் அமுக்க அழுத்தமும் 12 பாரை ஒட்டி, ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடின்றி இருந்தது. இன்ஜெக்டர்களின் மின்தடையும் சத்தமும் ஒன்றுபோலவே இருந்தன. பிளக்குகளைக் கழற்றியபோதுதான் சாட்சி கிடைத்தது. ஒன்று, மூன்று, நான்கு ஆகியவற்றின் பீங்கான் முனை கருமை தட்டியிருந்தது. அண்மையில் மாற்றப்பட்ட இரண்டாவதின் முனை மட்டும் வெளுத்திருந்தது.

ஆக்சிஜன் சென்சார் நான்கு சிலிண்டர்களின் புகையும் கலந்த பிறகுதான் பார்க்கிறது. மொத்தத்தில் பெட்ரோல் குறைவு என்று தெரிந்ததும் கணினி நான்குக்கும் சமமாகக் கூட்டுகிறது. கசிவு ஒரு சிலிண்டரின் வாசலில் மட்டும் இருந்தால், கூட்டிய பிறகும் அந்தச் சிலிண்டர் பட்டினியாகவே கிடக்கும். மற்ற மூன்றும் தேவைக்கு மேல் குடிக்கும். வெளுத்த ஒரு பிளக்கும் கறுத்த மூன்று பிளக்குகளும் காட்டியது இதைத்தான். பெட்ரோல் செலவு ஏன் கூடியது என்பதற்கும் விடை அதிலேயே இருந்தது. ஆக, பி0171-உம் பி0302-உம் இரண்டு வியாதிகள் அல்ல. இரண்டாம் சிலிண்டருக்குச் செல்லும் இன்டேக் குழாயின் பொருத்துவாயில் கசிவு இருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

கசிவைப் பிடிக்கப் பலரும் தீப்பற்றும் ஸ்பிரேயை ஓடும் எஞ்சினின் மேல் அடிப்பார்கள். சூடான புகைபோக்கிக்குப் பக்கத்தில் அந்த வேலை எனக்கு ஒவ்வாது. குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்திப் பார்க்கும் கருவி இருந்தது. முக்கியமான விஷயம், அதைக் குளிர்ந்த எஞ்சினில் செய்ய வேண்டும். முந்தைய பழுதுபார்ப்பின் போதும் புகைச் சோதனை நடந்ததாகவும் எதுவும் தெரியவில்லை என்றும் உரிமையாளர் சொன்னார். வண்டியை ஓட்டிக்கொண்டு போய் இறங்கியதும் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். சூட்டில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் விரிந்து இடைவெளியை ஓரளவு அடைத்துவிடும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் புகையை விட்டதும், மேனிஃபோல்டின் அடிப்பக்கத்தில், இரண்டாம் குழாய் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில், மெல்லிய கோடாகப் புகை எழுந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. சிறு கண்ணாடியைக் கீழே பிடித்துத்தான் பார்க்க முடிந்தது. மேனிஃபோல்டைக் கழற்றியபோது, பொருத்தின் இடைவெளியை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் அந்த இடத்தில் கட்டிதட்டித் தட்டையாகக் கிடந்தது. மேற்பரப்பு வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்தேன், வளையவில்லை. நான்கு கேஸ்கெட்டுகளையும் மாற்றி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வரிசையிலும் முறுக்குவிசையிலும் போல்ட்டுகளை இறுக்கினேன். காலை நடுக்கம் அதோடு நின்றது.

மிச்சக் கணக்கு

இந்த இடத்தில் வண்டியைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். விளக்கும் சில காலம் எரியாமல் இருந்திருக்கும். ஆனால் அந்த நான்கைந்து சதவீதம் குறிப்பேட்டில் காத்திருந்தது.

புதிய எண்கள்: நின்று ஓடும்போது கூட்டல் 3, 2,500-இல் கூட்டல் 5, ஏற்றத்தில் மூன்றாம் கியரில் இழுக்கும்போது கூட்டல் 13. வடிவம் தலைகீழாகிவிட்டது. பாரம் கூடக்கூடப் பற்றாக்குறை வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டியவர்கள் இருவர். ஒன்று, எரிபொருள் பம்ப்போ ஃபில்டரோ போதுமான பெட்ரோலைத் தரவில்லை. அல்லது, காற்று சென்சார் வரும் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. திருத்தத்தின் எண்ணை மட்டும் பார்த்து இருவரையும் பிரிக்க முடியாது.

எரிபொருள் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தி ஓட்டினேன். இந்த எஞ்சினுக்குரிய 3 பார் அழுத்தம் ஏற்றத்திலும் அசையவில்லை. பம்ப் தப்பியது. அடுத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திக் கணினி கணக்கிடும் பாரச் சதவீதத்தை, அதாவது எஞ்சின் இழுக்கக்கூடிய முழுக் காற்றில் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்ற கணக்கைப் பார்த்தேன். கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியில் ஆரோக்கியமான எஞ்சின் அப்போது 90-ஐ நெருங்க வேண்டும். இது 72-இலேயே நின்றது. இழுவையில் அந்த அளவு குறை தெரியவில்லை. கணக்கில்தான் காற்று குறைந்தது.

சென்சாரைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கம்பியின் மேல் பழுப்புப் படலம். சூடான கம்பியின் மேல் காற்று ஓடும்போது அது எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துத்தான் இந்த சென்சார் காற்றை அளக்கிறது. அழுக்குப் போர்வை மூடினால், வேகமான காற்றும் மெதுவான காற்றாகத் தெரியும். அழுக்கு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மீண்டும் வரும். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியில் ஒரு கிளிப் உடைந்திருந்தது. ஃபில்டரின் விளிம்பைச் சுற்றித் தூசி நேராக உள்ளே போன தடம் தெளிவாகத் தெரிந்தது.

கிளிப்பை மாற்றி, ஃபில்டரை மாற்றி, இந்த சென்சாருக்கென்றே கிடைக்கும் கரைப்பானைத் தெளித்துக் கழுவினேன். கம்பியைத் துணியாலோ தூரிகையாலோ தொடக் கூடாது. முழுவதும் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். அதன்பின் எண்கள் 2, 3, 4 என்று அடங்கின. முழு ஆக்சிலரேட்டரில் பாரம் 91. இப்போதுதான் குறியீடுகளை அழித்தேன்.

கடைசியாகக் கன்வெர்ட்டர்

பி0420-ஐ இறுதிவரை தொடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. கன்வெர்ட்டர் எஞ்சினின் கழிவை வாங்கும் இடத்தில் இருக்கிறது. மேலே கலவை தவறினாலும், பற்றவைப்பு தவறினாலும், புகைபோக்கியின் பொருத்துகளில் வெளிக்காற்று புகுந்தாலும், இந்தக் குறியீடு பதிவாகலாம். மேலே எல்லாவற்றையும் சரிசெய்யாமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. உரிமையாளரிடம் சொன்னதும் இதுவே: இது திரும்ப வராமலும் போகலாம், வரவும் கூடும், வந்தால் வருத்தப்பட வேண்டாம், அப்போது அது நம்பத்தக்க செய்தி.

அழித்ததும் விளக்கு அணைந்தது. அது எதையும் நிரூபிக்கவில்லை. கன்வெர்ட்டரைப் பற்றிய சுயசோதனையைக் கணினி உடனே செய்வதில்லை. எஞ்சின் நன்கு சூடாகி, சீரான வேகத்தில் ஓடும் பொருத்தமான நேரம் கிடைத்தால்தான் செய்யும். பல கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் விளக்கையே ஏற்றும். அதனால்தான் விளக்கை அணைத்துக் கொடுக்கும் பழுதுபார்ப்பு சில நாள்களுக்கு வெற்றியாகவே தெரிகிறது.

சில வாரங்களில் பி0420 மட்டும் தனியே திரும்பி வந்தது. 0171-உம் இல்லை, 0302-உம் இல்லை. சூடான எஞ்சினை 2,500-இல் நிலையாக நிறுத்தி இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் ஒரே திரையில் பார்த்தேன். முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஊசலாட வேண்டும், அது ஆடியது. பின் சென்சார் 0.6, 0.7 அருகே ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் தன்னுள் ஆக்சிஜனைச் சேமித்து வெளியிடுவதால் ஊசலாட்டம் அங்கே அடங்கிவிடும். இந்தக் காரில் பின் சென்சாரும் முன்னதைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. புகைபோக்கியின் பொருத்துகளில் புகைவிட்டுப் பார்த்தேன், கசிவு இல்லை. பின் சென்சாரின் சூடேற்றியும் பதில் வேகமும் சரி. கன்வெர்ட்டரின் சேமிப்புத் திறன் உண்மையிலேயே தீர்ந்திருந்தது.

மினுக்கிய விளக்கு இங்கேதான் வந்து சேர்கிறது. குளிர்காலை ஒவ்வொன்றிலும் இரண்டாம் சிலிண்டர் எரிக்காமல் விட்ட பெட்ரோலும் ஆக்சிஜனும், மற்ற மூன்று சிலிண்டர்களின் கூடுதல் பெட்ரோலும் கன்வெர்ட்டரின் பீங்கான் தேன்கூட்டுக்குள் போய் எரிந்திருக்கின்றன. வயதும் ஒரு காரணமாக இருக்கும். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை. கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஒரு பக்கத்துக் கண்ணறைகள் உருகி அடைபட்டிருந்தன.

ஆகவே அந்த மூன்றாவது ஆலோசனையின் பாகம் சரியானதே, நேரம்தான் தவறு. வண்டி முதலில் வந்த நிலையில் புதிய கன்வெர்ட்டரைப் போட்டிருந்தால், அதுவும் அதே கேஸ்கெட்டின் கசிவையும் அதே மிஸ்ஃபயரையும் சாப்பிட்டு அதே முடிவுக்குப் போயிருக்கும்.

கன்வெர்ட்டர் மாற்றிய பின் சுயசோதனைகள் அனைத்தும் முடிந்ததாகக் கணினி காட்டியது. ஒருமுறை கண்டு இன்னும் உறுதியாகாமல் காத்திருக்கும் குறியீடுகளும் இல்லை. குளிர்ந்த ஸ்டார்ட்டில் நான்கு சிலிண்டர்களின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் பூஜ்யம். பின் சென்சார் 0.7 வோல்ட்டில் அமைதியாக இருந்தது. உரிமையாளரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஆயில் மாற்றும்போதெல்லாம் எஞ்சின் சூடானதும் நின்று ஓடும் நிலையிலும் 2,500-இலும் எரிபொருள் திருத்தத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நின்று ஓடும்போது மட்டும் எட்டைத் தாண்டினால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும், ஏற்றத்தில் மட்டும் தாண்டினால் ஏர் ஃபில்டர் மூடியின் கிளிப்பையும் முதலில் பாருங்கள்.